பின்னணி எண்ணிக்கை

வந்தாறுமூலை, செவ்வாய், பின்னேரம் இரண்டு மணி.
மூன்றாம் மேசையில் தண்ணீர் சுற்றுகிறது.
ஏறாவூரில் கண்ணாடி வெட்டி ஒட்டிய தொட்டி,
காத்தான்குடியில் வாங்கிய தையல் மெஷின் மோட்டர்,
நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்று.
‘பாவனைக்கு உகந்ததல்ல’ என்று
யாரோ ஒட்டிய துண்டைக் கிழித்தவள் நான்.

இருபது நிமிடம் தொடாதீர்கள், என்றேன்.
முதலில் தொட்டிதான் சுற்றும்.
தண்ணீர் யோசிக்கும்.
சுவரோரம் தொடங்கி, அடியில் தொடங்கி
படை படையாகச் சம்மதித்து
கடைசியில் ஒரே கல்லைப்போலச் சுற்றும்.
தொட்டியோடு கட்டிய கைபேசியில் பார்த்தால்
அது நிற்கிறது.

நுஸ்கியா ஒரு கொண்டீஸ் பளிங்கைப் போட்டாள்.
ஊதா நூல் நேரே இறங்கித்
திரைச்சீலையாய் விரிந்தது.

அடியில் ஒரு ஜாம் போத்தல் மூடி ஒட்டியிருக்கிறது.
விரல் தடிப்புத்தான்.
அதற்கு மேலே ஒரு சாண் வெறும் தண்ணீர்.
மோட்டரைச் சற்றே தளர்த்தினால் மை நகர்கிறது,
மூடிக்கு நேர்மேலே வந்ததும்
இல்லாத தூணொன்றைச் சுற்றிக்கொண்டு போகிறது,
மேற்பரப்பிலும்.
“அங்க ஒண்டுமில்லையே மிஸ்.”
கீழே இருக்கிறது.
சும்மா ஓடும் தண்ணீர் அதை மேலால் தாண்டிவிடும்.
சுற்றும் தண்ணீரால் முடியாது.

ஊசலொன்றின் தளத்தை ஒருமுறை திருப்ப
எங்கள் அகலக்கோட்டில் பூமிக்கு
ஏழு நாளும் எட்டு மணியும் வேண்டும்.
துருவத்தில் ஒரு நாள் போதும்.
நடுக்கோட்டுக்கு இவ்வளவு கிட்டப்
பெரும் சுழல் வராதென்று கரும்பலகையில் நிறுவலாம்.
எழுபத்தெட்டுக் கார்த்திகையில் வந்தது
இந்தக் கரும்பலகையைப் பார்க்கவில்லை.

ஏழாம் மேசையில் ஈயக் கற்கள்.
நடுவே சட்டைப் பொத்தான் அளவில் சீசியம்.
அதைப் பூட்டிவைத்துவிட்டு
முதலில் வெறும் அறையை எண்ண வேண்டும்:
சுவர், மணல், வானம், நாங்கள்.
அதற்குப் பெயர் பின்னணி.
ஒருநாளும் அது பூச்சியமாக இராது.

கூடவே ஒரு கொப்பி, பச்சை மட்டை.
கு. நல்லரெத்தினம், செய்துகாட்டுநர்.
1990 யூன் 5.
ஐந்து சென்ரிமீற்றரில், நிமிடத்துக்கு 4126.
பின்னணி 22.
‘கச்சான் காற்று. யன்னல் திறந்திருந்தது.’
கதிருக்குக் காற்றால் என்ன?
ஆனால் எழுதியிருக்கிறார்.
பிறகு வெள்ளைப் பக்கங்கள்.
ஒருமுறை கேட்டேன்.
கேட்கப்பட்டவர்
தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

இன்று 2079.
“இதில நாலாயிரம் எண்டு கிடக்கே மிஸ்,
எங்கட பிழையா?” என்றான் கிருத்திகன்.
பிழையில்லை. முப்பது வருசம்.
அரைவாழ்வு பாதியை மட்டுமே சொல்லும்.
எந்த அணு, எந்த வினாடி என்று
சீசியத்துக்கே தெரியாது.
பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டில்
ஒன்று போகும், ஒன்று இருக்கும்.
காரணம் கேட்கக் கூடாது, என்று
வருசா வருசம் படிப்பிக்கிறேன்.
அந்த இடம் வரும்போது
துடைப்பானைத் தேடுகிறேன்.

மார்கழியில் பொருட்கணக்கு எடுக்க வந்தவர்
“சீசியம் ஒன்று, இருக்கா?” என்றார்.
பாதி இருக்கு, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
‘ஒன்று’ என்று எழுதிக்கொண்டார்.

மூன்றரைக்குக் கரண்ட் போனது.
எண்ணியின் டிக் டிக் அறுந்தது.
“நிண்டிட்டுது.”
எண்ணுவதுதான் நின்றது, தம்பி.
மற்றது ஈயத்துக்குள் தன்பாட்டில் நடக்கிறது.

தொட்டி நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை.
நின்ற கண்ணாடிக்குள் அது
கோபமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.
இல்லாத தூண் கலைந்தது.
ஊதா முழுவதும் ஒரே வெளிறல் ஊதாவானது.
மூடி தெரிந்தது.

பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.
வெள்ளைப் பக்கத்துக்குப் போகாமல்
யூன் 5க்கு நேர்கீழே, வரி விடாமல்,
இன்றைய திகதியை எழுதினேன்.
2079. பின்னணி 24.
அடுத்து, காற்று.
என்ன காற்று என்று தெரியவில்லை.
எழுந்து போய்
யன்னலைத் திறந்தேன்.